இறங்குவதற்கும் ஒரு கால்

நம் கடைக்கு மலையேற்றச் சாமான் வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர், மாடிப்படி ஏறி உள்ளே நுழையும்போதே மனத்தால் உச்சியில் நின்றுகொண்டிருப்பார்கள். கண்ணில் ஒரு வெளிச்சம் இருக்கும். எந்தப் பையை எடுத்துக் கொடுத்தாலும் முதுகில் மாட்டிக்கொண்டு நேரே கண்ணாடி முன்னால் போய் நிற்பார்கள். அவர்களைக் கேலி செய்யாதீர்கள். அந்த வெளிச்சம் இல்லாவிட்டால் யாரும் விடுமுறை நாளில் விடியலில் எழுந்து வெயிலில் பாறை ஏறப் போக மாட்டார்கள். நமக்கும் வேலை இருக்காது. ஆனால் அது தொற்றிக்கொள்ளும். பேசிக்கொண்டிருக்கும்போதே நம் கண்ணுக்கும் வந்துவிடும். அங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். சாமான் எடுத்துக் கொடுக்கிறவன் கண் மட்டும் மலையடிவாரத்திலேயே இருக்க வேண்டும், போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து உட்காருகிற இடத்தில்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. பட்டுக்கடைகளுக்குப் பின்னால் இருக்கும் இந்த மாடி அறையில் கூடாரம், கயிறு, முதுகுப்பை எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பாக இருந்தேன். அதற்கு முன்னால் பெரிய காஞ்சிபுரத்தில் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் ரெக்சின் சீட் தைத்துக்கொண்டிருந்தவன். மலைக்குப் போகிற பிள்ளைகள் கிழிந்த பைகளை என்னிடம் தைக்கக் கொண்டுவருவார்கள். அப்படியே பழகி இங்கே வந்து சேர்ந்தேன். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் நான் பாய்.

நம் மலையேற்றக் குழுவைத் தொடங்கியவர் முதல் நாளே என்னிடம் ஒன்று சொன்னார். "பைய தைங்க, கூடாரத்த தைங்க, உங்க இஷ்டம். உயிரத் தாங்குற பட்டையில மட்டும் ஊசி வெக்காதீங்க பாய். பழுதானா வெட்டிப் போட்டுடுங்க." சொன்னதோடு நிற்கிற ஆள் இல்லை அவர். ஒரு தடவை புறப்படுகிற நேரத்தில் ஒரு ஹெல்மெட்டில் மயிரிழை போல விரிசல் ஒன்றைப் பார்த்துவிட்டேன். மாற்று ஹெல்மெட் இல்லை. கீழே வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது. வந்தவர்களில் ஒருவரைத் திருப்பி அனுப்ப வேண்டும், யாரை என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அவர் அன்றைக்கு வழிநடத்திப் போகவேண்டிய இருவரில் ஒருவர். தன் ஹெல்மெட்டைக் கழற்றி எதிரில் இருந்த பெண்ணின் கையில் கொடுத்தார். "அப்ப ஒரு ஆள் கொறையணும், அவ்ளோதான" என்று சொல்லிவிட்டு, என்னோடு உட்கார்ந்து கயிறுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. பாட்டு வேறு முணுமுணுத்தார்.

அவரிடம் நிறையக் கற்றேன். ஆனால் இன்று நான் சொல்ல வந்தது வேறு ஒருவரைப் பற்றி. அவர் நம் குழுவில் வேலை பார்த்தவர் இல்லை. ஒரு வாடிக்கையாளர். பெயர் ஜெயராணி.

செவிலிமேட்டில் வீடு. தினமும் கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வருவார். கார் உதிரிபாகங்களைப் பரிசோதித்து, அளவு சரியில்லாததைத் தள்ளி வைக்கிற வேலை. சில வருடங்களுக்கு முன்னால் ஸ்கூட்டர் விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் வைத்துக்கொண்டிருந்தார். நடையில் அது தெரியாது. படியேறும்போது மட்டும் லேசாகத் தெரியும்.

அவர் முதல் தடவை கடைக்கு வந்த அன்றைக்கு எதிரில் நின்றது நம் கார்த்தி. இன்று உங்களுக்கெல்லாம் பயிற்சி கொடுக்கிற அதே கார்த்திதான். அப்போதுதான் குழுவை வழிநடத்தத் தொடங்கியிருந்தான். ஜவ்வாது மலைப் பக்கத்துக் குன்று ஒன்றுக்கு ஒரு நாள் பயணம். கொஞ்ச தூரம் காட்டுப் பாதை; பிறகு கால் வைக்கப் படிபோல வெட்டி, பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி அடித்த ஒரு செங்குத்தான பாறைச் சரிவு; அதற்கு மேல் ஒரு திட்டு; அங்கிருந்து உச்சிக்கு இன்னொரு பாறை. ஜெயராணி வருவதாகச் சொன்னதும் கார்த்திக்கு ஒரே சந்தோஷம். என் காதருகே வந்து, "பாய், இருக்கறதுலயே லைட்டான பையா பாத்துக் குடுங்க. அக்காவோட தண்ணிய நான் எடுத்துக்கறேன்" என்றான்.

அவருக்குக் கேட்டுவிட்டது.

"தம்பி, என் தண்ணி என் முதுகுலதான் இருக்கணும். நீ முன்னால போய்க்கினு இருப்ப, நான் பின்னால வந்துக்கினு இருப்பேன். தாகம் எடுத்தா உன்ன விசிலடிச்சா கூப்புடறது?"

பிறகு அந்த மர ஸ்டூலில் உட்கார்ந்து, பேண்ட்டை மடித்துவிட்டு, காலைக் கழற்றி எடுத்து மேசை மேல் வைத்தார். கயிறு, ஹெல்மெட், டார்ச் லைட்டுகளுக்கு நடுவில் அந்தக் கால் நின்றது. கடையில் இருந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் சட்டென்று சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"பாய், இதுவும் ஒரு சாமான்தான். இதுக்கு இன்னா இன்னா வேணும்னு சொல்றேன். மத்ததோட சேத்துப் பாத்துக்குங்க."

ஒவ்வொன்றாகச் சொன்னார். காலின் மேல் ரப்பர் உறை போல ஒன்றை மாட்டித்தான் செயற்கைக் காலை அணிய வேண்டும். ஏறினால் அதற்குள் வியர்க்கும். வியர்த்தால் வழுக்கும். அதனால் நடுநடுவே கழற்றி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, உலர்ந்த பிறகு மாட்ட வேண்டும். நேரம் போகப் போகத் தசை சுருங்கிக் கால் தொளதொளக்கும்; அப்போது இன்னொரு சாக்ஸ் சேர்த்துப் போட வேண்டும். ஆகவே குடிக்கிற தண்ணீர் தனி, கால் கழுவுகிற தண்ணீர் தனி. கழுவுகிற பாட்டிலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொள்வார், யாரும் மாற்றி எடுத்துவிடாமல் இருக்க.

"இன்னொன்னு. உங்களுக்கு ரெக்சின் தைக்க வருமாமே? இந்த பேண்ட்டோட பின்பக்கம் நல்லா கெட்டியா ஒரு துண்டு வெச்சித் தச்சிக் குடுங்க."

"எதுக்குமா?"

"பாறையில உக்காந்து சறுக்கி எறங்கறதுக்கு. அழகா இருக்கணும்னு இல்ல. கிழியாம இருக்கணும்."

இத்தனை வருடத்தில் உட்காருகிற இடத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்த முதல் ஆள் அவர்தான். ஏறுவதற்கு என்ன வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள்.

இடுப்பில் கட்டுகிற ஹார்னஸைப் போட்டுப் பார்த்தபோது, அதன் தொடைப் பட்டை அந்த ரப்பர் உறையின் மேல் விளிம்பில் உரசி அதைச் சுருட்டியது. "இத கொஞ்சம் வெட்டித் தைக்க முடியாதா பாய்?" என்றார். ஊசி வைக்க மாட்டேன் என்று காரணத்தோடு சொன்னேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "கரெக்ட்டு. எங்க கம்பெனியில இருந்தா நீங்க நல்லா வருவீங்க" என்றார். தொடைப் பட்டையைத் தளர்த்தி மேலே ஏற்றிக் கட்டக்கூடிய வேறொரு ஹார்னஸைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பரிசோதனை. தண்ணீரும் சாமானும் நிரப்பிய பையை மாட்டிக்கொண்டு நம் மாடிப்படியில் ஏறி இறங்கினார். இந்தப் படி எவ்வளவு செங்குத்து என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பை பிடிக்கவில்லை. இன்னொன்றும் பிடிக்கவில்லை. ஏறும்போது சாதாரணமாகப் பேசிக்கொண்டே ஏறினார். இறங்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, பாரம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கவனித்தார். இறங்கும்போது ஆடாத பையைத்தான் கடைசியில் எடுத்துக்கொண்டார்.

மாசி மாதம். வெயில் அவ்வளவு இருக்காது என்று நினைத்திருந்தோம். பாறைக்குக் கயிறு கட்டுவதற்காகவும், கடைசி ஆளாகப் பின்னால் வருவதற்காகவும் நானும் போனேன். வேனில் போகும்போது எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டு வந்தவர் தாமோதரன் என்பவர். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பட்டுக்கடையில் சேலை எடுத்துப் போட்டுக் காட்டுகிற வேலை. அப்பா கடையைத் தவிர வேறு உலகமே பார்க்கவில்லை என்று மகள் வற்புறுத்தி அனுப்பிவைத்திருந்தாள். புதுக் கல்யாணப் பெண், மாமியார், மாமியாரின் தங்கை என்று மூன்று குரலிலும் பேசிக் காட்டி, ஒரு சேலைக்கு நடக்கும் சண்டையை நடித்தார். ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

காட்டுப் பாதையில் ஜெயராணி தன் நடையில் நடந்தார். வேகமும் இல்லை, தாமதமும் இல்லை. இரண்டு கையிலும் ஊன்றுகோல். நிழல் கிடைத்த இடத்திலெல்லாம் உட்கார்ந்து, காலைக் கழற்றி, துடைத்து, காயவைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார். முதலில் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். இரண்டாம் முறை யாரும் திரும்பவில்லை. மூன்றாம் முறை ஒரு பெண் விசிறிவிட்டாள்.

கம்பிப் பாறையில் அவருக்குக் கயிறு கட்டினோம். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறித் திட்டுக்கு வந்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அங்கிருந்து பார்த்தால் உச்சி தெரியும். அங்கே இருக்கும் சின்னக் கோயிலின் மஞ்சள் கொடிகூடக் காற்றில் ஆடுவது தெரிந்தது.

அவர் உட்கார்ந்து காலைக் கழற்றினார். எலும்பு முடிகிற இடத்தில் தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தார். கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி பார்த்தார். சிவப்பு அப்படியே இருந்தது.

"அவ்ளோதான் பாய். நான் இங்கருந்து எறங்கறேன்."

கார்த்திக்குத் தாங்கவில்லை. "அக்கா! இதோ, இன்னும் கொஞ்ச தூரம்தான்க்கா. கொடி தெரியுது பாருங்க. நாங்க தூக்கிக்கினு போறோம்!"

உடனே நான்கைந்து பையன்கள் எழுந்தார்கள். "ஆமாக்கா, நாங்க இருக்கோம்!" யாரோ செல்போனை எடுத்து வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள். ஒருவன் விசிலடித்தான். அந்த நேரத்தில் அங்கே கெட்ட எண்ணம் ஒருவர் மனத்திலும் இல்லை. எல்லோர் கண்ணிலும் நான் முதலில் சொன்ன அந்த வெளிச்சம். என் கையே ஒரு கயிற்றுச் சுருளை அவிழ்த்துக்கொண்டிருந்தது, அவரை உட்காரவைத்துத் தூக்க எப்படிக் கட்டலாம் என்று.

ஜெயராணி குரலை உயர்த்தவில்லை.

"யாரும் என்ன தூக்க வேணாம்பா. மேல போறதுக்கு எனக்கு கால் இருக்குது. எறங்கறதுக்கும் அது இருக்கணும் இல்ல?"

"எறங்கறப்பவும் நாங்க தூக்கிக்கினு வர்றோம்க்கா."

"இந்தப் பாறையிலயா? ஏறி வந்தப்ப உனுக்கே கை நடுங்கிச்சி, நான் பாத்தேன். என் வெயிட்ட வேற சேத்துக்கினு எறங்குவியா?" அவர் கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னார்: "தம்பி, எங்க லைன்ல பளபளன்னு ஒரு பீஸ் வரும். பாத்தா ஒரு கொறையும் தெரியாது. அளந்தா மயிரிழை தப்பா இருக்கும். நான் அத எடுத்துத் தள்ளி வெக்கிறப்ப மொத்த லைனும் என்னயே மொறைக்கும். அப்பயும் தள்ளித்தான் ஆவணும். இன்னிக்கு என் காலு ரிஜெக்ட். ரிஜெக்ட்ட கைதட்டி பாஸ் பண்ண முடியாது."

கொடி படபடக்கிற சத்தம் கேட்டது. வீடியோ எடுத்தவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

நீங்கள் யோசித்துப் பாருங்கள். மழை, இடி, பாறைச் சரிவு என்றால் திரும்பிப் போகலாம் என்று சொல்வது சுலபம். எல்லோரும் பயந்திருப்பார்கள், சொன்னதும் கேட்பார்கள். எல்லோரும் உங்கள் மேல் அன்பாக இருக்கும்போது, உங்களுக்காகக் கைதட்டிக்கொண்டிருக்கும்போது, உச்சி கண்ணெதிரே இருக்கும்போது வேண்டாம் என்று சொல்வதுதான் கடினம். அதுவும், இந்தப் பெண்ணால் முடியாது என்று சொல்வதற்கு ஊரில் எத்தனையோ பேர் காத்திருப்பார்கள் என்று தெரிந்தும் சொல்வது. அந்தத் துணிச்சலை நான் வேறு எந்த மலையிலும் பார்த்ததில்லை.

கார்த்தியையும் பாராட்ட வேண்டும். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் வாதாடவில்லை. "சரிக்கா" என்றான். துணை வழிநடத்துநரோடு மற்றவர்களை அழைத்துக்கொண்டு மேலே போவதாகவும், நான் ஒரு கயிற்றோடு ஜெயராணியுடன் இறங்குவது என்றும் முடிவு செய்தான்.

அப்போது தாமோதரன் எழுந்தார். "நானும் தங்கச்சி கூட எறங்கறேன்பா. அவங்களுக்கும் ஒரு துணை வேணும் இல்ல?"

பெருந்தன்மையான மனிதர் என்று எல்லோரும் அவருக்கும் கைதட்டினார்கள். நானும்தான்.

கம்பிப் பாறையில் முதலில் ஜெயராணி இறங்கினார். காலைக் கழற்றிப் பையில் கட்டிக்கொண்டு, பாறையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, நான் தைத்துக் கொடுத்த ரெக்சின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கினார். மேலே இருந்து நான் கயிற்றை விட்டுக்கொண்டிருந்தேன். அவர் அடியில் போய்ச் சேர்ந்து, நிழலில் உட்கார்ந்து, சிவப்புத் துணி கட்டிய பாட்டிலை எடுத்தார்.

அடுத்து தாமோதரன். கயிற்றுக் கொக்கியை மாட்டச் சொன்னேன். காலையில் ஒரே தடவை சொல்லிக் கொடுத்ததும் பழகியவர்போல மாட்டிக்கொண்டவர், இப்போது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது இன்னா பாய், தெறக்கவே மாட்டேங்குது" என்றார். களைப்பு என்று நினைத்து நானே மாட்டிவிட்டேன். பாதிப் பாறை இறங்கியதும், கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். மேலே இருந்து எனக்கு அவர் தலை மட்டும்தான் தெரிந்தது.

"அந்த அரக்கு பார்டர எடுத்துப் போடுமா. அம்மா பாக்கட்டும்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். காலையிலிருந்து இப்படித்தானே எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறார்!

கீழேயிருந்து ஜெயராணியின் குரல் வந்தது. "பாய், சிரிக்காதீங்க! அவர் நடிக்கல. முகம் சரியில்ல. கயித்த இறுக்கிப் புடிங்க, விட்டுடாதீங்க!"

கயிற்றை இறுக்கினேன். விளிம்பில் எட்டிப் பார்த்தேன். தாமோதரன் ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்து, காற்றில் எதையோ மடித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, கம்பியப் புடிங்க! கம்பியப் புடிங்க!" என்று நான் கத்தினேன். அவருக்கு அது காதில் ஏறவில்லை. அவர் மலையிலேயே இல்லை.

அப்போது ஜெயராணி செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கிறது. ஒரு நொடி யோசித்திருப்பார். பிறகு, கடைக்கு வந்த வாடிக்கையாளர் குரலில், நிதானமாகக் கூப்பிட்டார்.

"அண்ணே! நான் கீழ இருக்கேன் பாருங்க. அந்த அரக்கு பார்டர் சேலைய இங்கயே எடுத்துக்கினு வாங்களேன். என்னால மேல ஏற முடியாது."

தாமோதரன் தலையைத் திருப்பினார். "இதோ வந்துட்டேன்மா" என்றார். அந்தப் பணிவான குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"மெதுவா வாங்க, அவசரமில்ல. கைப்பிடியப் புடிச்சிக்குங்க. ம்... அடுத்த படி. இடது கால வையுங்க. பொண்ணுக்குக் கல்யாணம் அண்ணே, நல்லதா நாலு சேலை பாக்கணும். அடுத்த படி..."

அவர் கம்பியைப் படிக்கட்டுக் கைப்பிடி என்று நினைத்துக்கொண்டு பிடித்தார். ஒவ்வொரு படியாக, வாடிக்கையாளரைக் காக்கவைக்கக் கூடாது என்கிற கவனத்தோடு இறங்கினார். நான் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தேன். பாறையடியில் கால் பட்டதும் அவர் முழங்கால் மடங்கிச் சரிந்தார். ஜெயராணி அவரைத் தாங்கினார். அப்போது ஜெயராணி செயற்கைக் காலைக்கூட மாட்டிக்கொண்டிருக்கவில்லை. பாறையில் சாய்ந்து ஒரே காலில் நின்றிருந்தார்.

நான் இறங்கி வருவதற்குள் தாமோதரனை நிழலில் படுக்கவைத்து, சட்டைப் பொத்தானை அவிழ்த்து, ஷூவைக் கழற்றியிருந்தார். உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. சிவப்புத் துணி பாட்டிலில் இருந்த தண்ணீர் முழுவதையும் அவர் கழுத்திலும் அக்குளிலும் மார்பிலும் ஊற்றி, தன் துண்டை நனைத்துப் போட்டு, உட்காருவதற்குக் கொண்டுவந்த சின்னப் பாயைப் பிரித்து விசிறினார். நான் விசிலை எடுத்து நீட்டி மூன்று முறை ஊதினேன். பிறகு ஏதாவது தண்ணீர் கிடைக்குமா என்று தாமோதரனின் பையைத் திறந்தேன்.

அவருடைய தண்ணீர் பாட்டில்கள் முழுதாக இருந்தன. காலையில் நான் நிரப்பிக் கொடுத்தபடியே. மூடியைக்கூடத் திறக்கவில்லை.

கார்த்தியும் நான்கு பையன்களும் விசில் கேட்டு இறங்கி ஓடிவந்தார்கள். அதற்குள் தாமோதரன் கண் திறந்து, தான் எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். நன்றாக நினைவு வந்த பிறகு உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீரை வாய் வாயாகக் கொடுத்தோம். தார்ப்பாயைத் தூளிபோலக் கட்டி, அந்தப் பையன்கள் தோள் மாற்றி மாற்றி அவரைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் இறங்கினார்கள். ஜெயராணியை உச்சிக்குத் தூக்கிப் போக எழுந்த அதே தோள்கள். அவர் சரி என்று சொல்லியிருந்தால் அந்தத் தோள்களும் என் கயிறும் அந்நேரம் எங்கே இருந்திருக்கும்! தாமோதரன் வாய் திறக்காமல் எல்லோரோடும் உச்சிப் பாறை ஏறியிருப்பார். அவரே பிறகு சொன்னார்: "தல சுத்திக்கினேதான் இருந்துது. எல்லாரும் போறாங்க, நான் எப்படி சொல்றதுன்னு வந்துக்கினு இருந்தேன். அந்தப் பொண்ணு எறங்கறேன்னு சொன்னதும் எனக்கும் வழி கெடைச்சிது."

அடிவாரத்திலிருந்து ஆம்புலன்ஸ். ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். வெயில் தாக்கிய உடம்பை உடனே குளிரவைத்ததுதான் நல்லதாகப் போயிற்று என்று டாக்டர் சொன்னார். சில நாளில் தாமோதரன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

பார்க்கப் போனபோது, ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று கேட்டேன். வெட்கத்தோடு சிரித்தார். "பழக்கம்தான் பாய். முகூர்த்த நாள்ல கஸ்டமர விட்டுட்டு பாத்ரூம் போவ முடியாது. அதனால காலையிலருந்து தண்ணி குடிக்கறதில்ல. வருசக்கணக்கா அப்படித்தான். தாகமே தெரியறதில்ல."

அவருக்கு எந்தப் பை, எந்த ஷூ, எவ்வளவு தண்ணீர் என்று எல்லாம் பார்த்துப் பார்த்துக் கொடுத்திருந்தேன். அவர் என்ன வேலை செய்கிறார் என்பதும் தெரிந்திருந்தது. அந்த வேலை அவர் உடம்பை எப்படிப் பழக்கியிருக்கிறது என்று கேட்க வேண்டும் எனத் தோன்றியதே இல்லை. அன்றிலிருந்துதான் ஒவ்வொருவரிடமும் கேட்க ஆரம்பித்தேன்: நாள் முழுக்க நின்றுகொண்டா வேலை, உட்கார்ந்தா, எப்போது சாப்பிடுவீர்கள், எப்போது தண்ணீர் குடிப்பீர்கள். தறியில் உட்காருகிறவருக்கு ஒரு மாதிரி முதுகு, கம்ப்யூட்டரில் உட்காருகிறவருக்கு வேறு மாதிரி. மனிதர்கள் தங்கள் வேலையையும் தூக்கிக்கொண்டுதான் மலை ஏறுகிறார்கள். நீங்களும் பையைக் கொடுக்கும் முன்னால் இதைக் கேளுங்கள்.

ஜெயராணி அன்று காட்டுப் பாதை முழுவதும் காலைக் கழுவத் தண்ணீர் இல்லாமல்தான் நடந்தார். எங்கள் குடிநீரைக் கொடுத்தபோது, "அது அவருக்கு இருக்கட்டும், வழியில தேவைப்படும்" என்று சொல்லிவிட்டார். தோல் கொப்பளித்துவிட்டது. சாமான்களைத் திருப்பிக் கொடுக்க அக்குளில் கட்டைகளோடு ஆட்டோவில் வந்தார். அந்த மாடிப்படியைக் கட்டைகளோடு ஏறினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரும் முன்பே பையைத் திருப்பிக் காட்டினார். "இந்த எடது பட்டையில நூல் விட ஆரம்பிச்சிருக்குது பாய். அடுத்த ஆளுக்குக் குடுக்கறதுக்கு முன்ன பாத்துடுங்க."

அதற்குப் பிறகு அந்த மலைக்கு அவர் போகவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். அடுத்த குளிர்காலத்தில் போனார். திட்டுவரை போனார், பனிமூட்டம் விலகவில்லை, திரும்பிவிட்டார். அதற்கடுத்து அவர் புறப்பட்டபோது நான் வேலையை விட்டிருந்தேன். கார்த்திதான் அழைத்துப் போனான். தாமோதரனும் கூடப் போனார், குடிக்கிற ஒவ்வொரு வாய்த் தண்ணீரையும் எல்லோருக்கும் காட்டிக் காட்டிக் குடித்துக்கொண்டு.

அன்று காலை நான் வீட்டில் இருந்தேன். போன் அடித்தது. எடுத்தால் ஒரே காற்று இரைச்சல்.

"பாய், மேல இருக்கேன்."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. எறங்கிட்டுப் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

வீட்டில் யாரிடமும் நான் அதைச் சொல்லவில்லை. பகல் தொழுகைக்குப் போய்வந்தேன். சாப்பிட உட்கார்ந்தேன், என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படுத்தேன், தூக்கம் வரவில்லை. மாலைத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மறுபடி அடித்தது. பின்னணியில் யாரோ இளநீர் சீவுகிற சத்தம், தாமோதரனின் சிரிப்பு.

"எறங்கிட்டேன் பாய்" என்றார்.

அப்போதுதான் வாழ்த்துச் சொன்னேன்.